உள்ளே அறுபத்து நான்கு, வாசல் முப்பத்திரண்டு

மார்ச் 3, திங்கள்

காலையில் பார்சல் ஆபீஸிலிருந்து போன். "கோகிலவாணிங்கற பேருக்குத் திருப்பூர்ல இருந்து ஒரு பெட்டி வந்திருக்குதுங்க, வந்து எடுத்துக்குங்க" என்றார்கள். திருப்பூர் என்றதுமே யார் என்று தெரிந்துவிட்டது. அந்த ஊரில் எங்களுக்கு இருக்கிற ஒரே ஆள் என் மனைவி வாணியின் அண்ணன் கந்தவேல். பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். அவருக்கும் எனக்கும் பேச்சு நின்று மூன்று வருடமாகிறது. கோயில் கிடா விருந்தில் கறி வேகவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னேன். சமையலுக்கு ஆள் பிடித்தது அவர். பேச்சு தடித்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம்.

பெட்டிக்குள் ஒரு சின்ன லேப்டாப். கடிதம் இல்லை, துண்டுச் சீட்டுகூட இல்லை. மூடியின் மேல் ஒட்டி வருகிற பிளாஸ்டிக் தாளை இன்னும் உரிக்கவில்லை. மச்சான் எதையும் பத்திரமாக வைத்துக்கொள்கிற ஆள்.

வாணிக்கு 22-ஆம் தேதி பரீட்சை. அஞ்சல் வழியில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்திருக்கிறாள், அதில் முதல் பரீட்சை. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆனால் போனில் கூடாது, கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டும், கேமரா ஓட வேண்டும், அறையில் வேறு ஆள் நடமாடக் கூடாது. இதெல்லாம் உன் அண்ணனுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "எனக்கென்னங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு அவசரமாக வெங்காயம் உரிக்கப் போனாள். சமையல் அதற்கு முன்பே முடிந்திருந்தது.

மார்ச் 4, செவ்வாய்

லேப்டாப்பைப் போட்டோம். "சரிசெய்து கொண்டிருக்கிறேன்" என்கிற மாதிரி இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு ஒரு வட்டம் சுற்றியது. அணைந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி வட்டம். ஷெட்டுக்குப் போய் ஒரு ராஜஸ்தான் லாரிக்கு முழு வயரிங்கும் மாற்றி முடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிளக்கைப் பிடுங்கினால் பொட்டென்று அணைகிறது. பேட்டரி செத்துவிட்டது.

சார்ஜரின் வயிற்றில் எழுதியிருந்ததைப் படித்தேன். பன்னிரண்டு வோல்ட், இரண்டு ஆம்பியர். மொத்தப் பெட்டியிலும் எனக்குப் புரிந்த பாஷை அது ஒன்றுதான்.

மார்ச் 6, வியாழன்

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ரஷிதா அக்காவிடம் கொண்டு போனேன். சுற்றுவட்டாரத்தில் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்ப்பவர் அவர்தான். ஐந்து நிமிடம் பார்த்தார். "உள்ள இருக்கற விண்டோஸ் போயிருச்சுங்க தம்பி. மெசினும் சின்னது, புது விண்டோஸைத் தாங்காது. லினக்ஸ் போட்டுருங்க, லேசா ஓடும். சும்மா கிடைக்குது" என்றார்.

லேப்டாப்பின் மேல் ஒரு ஸ்டிக்கரில் அறுபத்து நான்கு என்று போட்டிருந்தது. அதைப் பார்த்து அறுபத்து நான்கு பிட் லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். "இதைச் சொருகி, ஆன் பண்றப்போ இந்தக் கட்டையை அமுக்குங்க. பென் டிரைவ் பேரு வரும். அதைத் தொட்டா வேலை முடிஞ்சுது."

மார்ச் 8, சனி

வேலை முடியவில்லை. அமுக்கச் சொன்ன கட்டையை அமுக்கினேன். பட்டியல் வந்தது. அதில் பென் டிரைவ் பெயரே இல்லை. இரண்டு ஓட்டையிலும் மாற்றிச் சொருகிப் பார்த்தேன். சொருகியது ஒரு பொருட்டே இல்லை என்கிற மாதிரி இருக்கிறது மெஷின்.

பன்னிரண்டு வோல்ட் பல்பை லாரியின் இருபத்து நாலில் மாட்டினால் பளிச்சென்று எரிந்து கருகிவிடும். புகை வரும், நாற்றம் வரும். காரணமாவது தெரியும். இது வாயையே திறக்கவில்லை. கோபம் வந்து மூடியை அறைந்து சாத்தினேன். வாணி வந்து மெதுவாகத் திறந்து, திரையில் ஏதாவது ஆகிவிட்டதா என்று தடவிப் பார்த்தாள்.

"கூடப் படிக்கற புள்ளகிட்ட லேப்டாப் இருக்குதுங்க. ஒரு நாளைக்கு இரவல் கேக்கட்டுமா?"

"உன்ற அண்ணன் அனுப்பிச்சதை மூலையில போட்டுட்டு ஊரான் வீட்டு மெசின்ல எழுதுவியா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சிரித்தாளா என்று சரியாகத் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அதே பென் டிரைவ் ரஷிதா அக்காவின் கடைக் கம்ப்யூட்டரில் அழகாக எழுந்தது. அப்படியானால் குறை மெஷினில்தான். மச்சானைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். கேட்க மாட்டேன். பொண்டாட்டி வீட்டுச் சீரில் "இது ஏன் ஓடவில்லை" என்று கேட்டால் அது குறை சொல்வதாகிவிடும். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை.

காவிரித் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பியாயிற்று.

மார்ச் 11, செவ்வாய்

ரஷிதா அக்கா யோசித்து ஒரு வழி சொன்னார். கம்ப்யூட்டரின் மூளைக்கு, அதாவது ப்ராசஸருக்கு, இரண்டு சாதி உண்டாம். முப்பத்திரண்டு பிட், அறுபத்து நான்கு பிட். "ஸ்டிக்கரை எவன் ஒட்டுனானோ. இது பழைய முப்பத்திரெண்டா இருக்கும். அறுபத்தி நாலைக் குடுத்தா முழிக்காம என்ன பண்ணும்?" என்று முப்பத்திரண்டுக்கான லினக்ஸை ஏற்றிக் கொடுத்தார்.

எழுந்துவிட்டது! மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது போட்டேன். நீல நிறத்தில் திரை விரிந்தது. வாணி மகள் தாமரையை அழைத்து வரப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள், கூப்பிட்டுக் காட்ட ஆள் இல்லை.

உடனே ஏற்றிவிட வேண்டாம், முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், பழைய டிஸ்கில் ஏதாவது வேண்டியது இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்கா சொல்லியிருந்தார். திறந்து பார்த்தேன். ஒரே ஒரு ஆளின் பெயரில்தான் ஃபோல்டர் இருந்தது. மச்சான் பெயர் இல்லை. வாணி என்று இருந்தது.

அதற்குள் கணக்குப் புத்தகங்கள், பதினான்கு. ஒரு விண்ணப்பப் படிவம். இப்போது அவள் படிக்கிறாளே, அதே படிப்புக்கு. அவள் பெயர், பிறந்த தேதி, எல்லாம் நிரப்பியிருந்தது. கணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர், இனிஷியலோடு, ஒரு எழுத்துப் பிசகாமல். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. செய்த தேதி மூன்று வருடத்துக்கு முந்தைய மே 13.

எல்லாவற்றையும் வேறொரு பென் டிரைவுக்கு மாற்றி வைத்தேன். மாலையில் ஒரு டிராக்டருக்கு ஹெட்லைட் மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்து ஹாரனை அலற விட்டேன். பதினைந்து வருடத்தில் இப்படிச் செய்ததில்லை.

மார்ச் 12, புதன்

ஸ்பேர்ஸ் கடையில் வருடா வருடம் கொடுக்கிற டைரிகளை நான் தூக்கிப் போடுவதில்லை. மூன்று வருடத்துக்கு முந்தையதை எடுத்தேன். கிடா விருந்து எந்தத் தேதி என்று பார்க்கத்தான்.

மே 15, ஞாயிறு. "கிடா விருந்து. கறி வேகவில்லை." அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்.

லேப்டாப்பில் தேதி 13. விருந்து 15. மச்சான் அன்றைக்குக் காரில் வந்தார். கை வீசிக்கொண்டு வந்தார் என்று நான் வீட்டில் கேலி செய்ததுகூட நினைவிருக்கிறது.

இந்த டைரியை யாரும் படிக்கப் போவதில்லை, எழுதிவிடுகிறேன். அன்று மச்சான் எனக்குப் பரிமாறினார். குனிந்து மெதுவாக, பக்கத்து இலைக்குக்கூடக் கேட்காமல், "வாணி படிப்பு என்னாச்சுங்க மாப்ள?" என்றார். கேட்க அவருக்கு உரிமை இருந்தது. பெண் பார்த்த அன்று அவரிடம்தான் சொன்னேன், "படிப்பை நான் முடிக்க வைக்கிறனுங்க மச்சான்" என்று. இரண்டாம் வருடத்தில் பாதியில் நிறுத்திவிட்டுத்தான் அவள் கழுத்தை நீட்டினாள். பிறகு தாமரை பிறந்தாள், அம்மாவுக்கு உடம்புக்கு முடியவில்லை, ஷெட் மாற்றினோம். அவள் கேட்கும்போதெல்லாம் அடுத்த வருடம் என்று சொன்னேன்.

அவர் மெதுவாகக் கேட்டதற்கு நான் ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னேன். "படிச்சு அவ என்ன கலெக்டர் ஆகப் போறாளா? என்ற வீட்டு விசயத்துல தலையிடாதீங்க." எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சோற்றுப் பாத்திரத்தோடு வாணி எதிரில் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கறி வேகவில்லை என்று இலையைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

லினக்ஸ் ஏற்றிவிட்டேன். நானே! வாணி சேமியா பாயசம் வைத்தாள். தாமரை மூன்று டம்ளர்.

மார்ச் 15, சனி

பாயசம் வைத்தது தப்பு.

பரீட்சைக்கு என்று அவர்கள் ஒரு சாஃப்ட்வேர் கொடுத்திருக்கிறார்கள். அதை ஏற்றி, மாதிரித் தேர்வு ஒன்று எழுதிப் பார்க்க வேண்டும். ஏற்ற மறுத்துவிட்டது. வந்த செய்தியை ரஷிதா அக்காவுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். சாஃப்ட்வேர் அறுபத்து நான்குக்குச் செய்தது, நாம் போட்டிருப்பது முப்பத்திரண்டு, சாதி பொருந்தவில்லை என்று அர்த்தமாம். முப்பத்திரண்டுக்கு அவர்கள் செய்வதை நிறுத்தி வருடக் கணக்காகிறதாம்.

இன்னும் ஏழு நாள். வாணி புத்தகத்தை மூடி வைத்தாள். கோபமெல்லாம் இல்லை. எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"விடுங்க. அடுத்த வருசம் எழுதிக்கறனுங்க."

அது என் வசனம். பதினோரு வருடமாக நான் சொன்னது. அவள் வாயால் கேட்டபோது காது கூசியது. கூசட்டும்.

மார்ச் 16, ஞாயிறு

காலையிலேயே ரஷிதா அக்காவுக்குப் போன் போட்டுப் பிராணனை வாங்கினேன். "ப்ராசஸரையே கேட்டுருவோம். நான் சொல்றதை டைப் அடிங்க" என்றார். அடித்தேன். வந்த வரிகளில் ஒன்றைப் படித்துக் காட்டச் சொன்னார். முப்பத்திரண்டு பிட், அறுபத்து நான்கு பிட், இரண்டும் ஓடும் என்று எழுதியிருந்தது.

ஸ்டிக்கர் பொய் சொல்லவில்லை. மூளை அறுபத்து நான்குதான். பிறகு ஏன் அறுபத்து நான்கு பென் டிரைவைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை? அக்காவுக்கும் தெரியவில்லை. "குடுத்தவங்களைக் கேளுங்களேன் தம்பி. வாயில முத்தா வச்சிருக்கீங்க?" என்றார்.

ஷெட்டுக்குப் போய், ஜாக்கியில் நிற்கிற ஒரு லாரியின் கேபினில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க மாப்ள."

நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனை வைத்த மாதிரி சொன்னார். நலம் விசாரித்துத் தொடங்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"மச்சான், அந்த மெசின் அறுபத்தி நாலுங்களா, முப்பத்திரெண்டுங்களா?"

அவர் சிரித்தார். மூன்று வருடமாகக் கேட்காத சிரிப்பு, எனக்கு மூக்கை அடைத்துக்கொண்டது. கேபினில் தூசி.

"உள்ள அறுபத்தி நாலுங்க மாப்ள. வாசல்தான் முப்பத்திரெண்டு" என்றார். மெஷினை முதலில் தட்டி எழுப்புகிற ஒரு சின்ன புரோகிராம் உள்ளே எழுதி வைத்திருக்கிறார்களாம். சில மலிவு மாடல்களில் மூளையைப் பெரிதாகப் போட்டுவிட்டு, அந்தப் புரோகிராமை மட்டும் முப்பத்திரண்டிலேயே விட்டுவிட்டார்களாம். "அறுபத்தி நாலு பென் டிரைவ் வந்தா அது வாசல்லயே மறிச்சுக்கும். உள்ள இருக்கறவனுக்கு ஆள் வந்ததே தெரியாதுங்க. முப்பத்திரெண்டு வாசலுக்குச் சாவி ஒண்ணு இருக்குது, சின்ன ஃபைல். அதைச் சேத்துப் போட்டா அறுபத்தி நாலு அப்படியே உள்ள போயிரும்."

"எப்படிச் சேக்கறதுன்னு சொல்லுங்க, நானே போட்டுக்கறேன்."

"இல்லீங்க மாப்ள, போன்ல சொல்லி முடியாது. வெள்ளிக்கிழமை நானே வர்றனுங்க."

கேபினை விட்டு இறங்கியதும் ரஷிதா அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அந்த ஃபைலை வாட்ஸ்அப்லயே அனுப்பியிருக்கலாமே, எதுக்கு மூணு மணி நேரம் பஸ்ல வர்றாரு?" என்றார். எனக்கும் அதுதான் புரியவில்லை.

மார்ச் 19, புதன்

அண்ணன் வருகிறார் என்று வாணி வீட்டைக் கழுவினாள். கறி எடுக்கலாமா என்று கேட்டாள். கறி வேண்டாம் என்று அவசரமாகச் சொன்னேன். இன்று முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மார்ச் 21, வெள்ளி

பதினோரு மணிக்கு மச்சான் வந்தார். தலை நரைத்திருக்கிறது. "வாங்க மச்சான்" என்றேன். "இருக்கட்டுங்க மாப்ள" என்றார். என்ன இருக்கட்டும் என்று இருவருக்கும் தெரியாது.

லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டோம். சாவி ஃபைல் சேர்த்த அறுபத்து நான்கு பென் டிரைவைச் சொருகினார். பட்டியலில் பெயர் வந்தது. நான் ஸ்கூல் பையன் மாதிரி கை தட்டிவிட்டேன். பழையதை அழிக்கட்டுமா என்று கேட்டது. மச்சானின் விரல் நின்றது.

"இதுல முன்னாடி கொஞ்சம் புஸ்தகம் இருந்துச்சுங்க..."

"எல்லாம் எடுத்து வச்சுட்டனுங்க மச்சான். பதினாலு புஸ்தகம். ஒரு விண்ணப்பம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டையை அமுக்கினார். யார் பெயரில் போட என்று மெஷின் கேட்டபோது விசைப்பலகையை என் பக்கம் தள்ளினார். வாணி என்று அடித்தேன். ஒற்றை விரலால்தான், ஆனால் சரியாக அடித்தேன்.

நான்கு மணிக்கு மாதிரித் தேர்வு ஓடியது. கேமராவில் தன் முகத்தைப் பார்த்ததும் வாணி தலையைச் சரிசெய்துகொண்டாள்.

காப்பி குடித்துக்கொண்டே மச்சான் பஸ்ஸில் வாங்கிய பேப்பரைப் புரட்டினார். முகம் மாறிவிட்டது. நாளை எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை மின்சாரம் இருக்காது. பரீட்சை பத்திலிருந்து ஒன்று. லேப்டாப் பேட்டரியோ செத்த பேட்டரி.

"மூணு வருசம் பீரோவுல கிடந்துச்சுங்க, அதான் பேட்டரி போயிருச்சு. என்ற தப்பு" என்று மச்சான் தலையில் கை வைத்தார். வாணி கலங்கிப்போனாள்.

நான் எழுந்து சார்ஜரை எடுத்தேன். பன்னிரண்டு வோல்ட், இரண்டு ஆம்பியர். லாரிக்கு இரண்டு பேட்டரி, சேர்த்தால் இருபத்து நாலு. ஒன்றை மட்டும் எடுத்தால் பன்னிரண்டு.

"மச்சான், வாசல் உங்க வேலை. கரண்டு என்ற வேலைங்க" என்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் ஒரு வாக்கியம் பேசி வெகுநாளாயிற்று.

மார்ச் 22, சனி

ஷெட்டிலிருந்து நல்ல பேட்டரியாக ஒன்றைத் தூக்கி வந்து ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். ஃபியூஸ் போட்டு, வயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டேன். "எரிஞ்சு கிரிஞ்சு போயிராதுங்களா மாப்ள?" என்று மச்சான் நாலு தடவை கேட்டார். டெஸ்ட் லேம்ப்பை வைத்துக் காட்டியும் நம்பவில்லை. வாணியின் போனிலிருந்து நெட். தாமரையை ரஷிதா அக்கா கடைக்கு அனுப்பியாயிற்று.

ஒன்பது மணிக்குச் சொன்னபடி கரண்டு போனது. லேப்டாப் அசையவில்லை, ஓடிக்கொண்டே இருந்தது. பத்து மணிக்கு வாணி கதவைச் சாத்திக்கொண்டாள்.

அறையில் வேறு ஆள் தெரியக் கூடாது என்பதால் நாங்கள் இருவரும் ஜன்னலுக்குக் கீழே, பேட்டரிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். ஒரு கிளிப்பை நானும் ஒன்றை அவரும் பார்த்துக்கொண்டோம். ஒரு மணி நேரம் போனது. உள்ளே விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

மெதுவாகத்தான் கேட்டேன். "அன்னிக்குக் கார்லயே இருந்துச்சுங்களா?"

எது என்று அவர் கேட்கவில்லை. "சீட்டுக்கு அடியில வச்சிருந்தனுங்க. சாப்ட்டு முடிச்சதும் தனியாக் கூப்பிட்டு உங்க கையில குடுக்கலாம்னு."

"என்ற கையிலயா?"

"ஆமாங்க. அண்ணன் குடுத்தா அது வெறும் சீரு. நீங்க குடுத்தா அவளுக்குப் படிப்பு. அப்படி நெனச்சனுங்க."

ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கொஞ்ச நேரம் எதுவும் சரியாகத் தெரியவில்லை. தூசி என்று எழுதப் போவதில்லை, அழுதேன்.

"தப்பு என்ற மேலதானுங்க மச்சான். வாக்குக் குடுத்ததும் நான், மறந்ததும் நான். கேட்ட உங்களை நாலு பேர் முன்னால பேசுனதும் நான்."

அவர் என் தோளில் கை வைத்தார். அழுத்தமாக. பிறகு, "அந்தப் பக்கத்துக் கிளிப்பு ஆடுதான்னு பாருங்க மாப்ள" என்றார். ஆடவில்லை. இருந்தாலும் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எவ்வளவோ பேசினோம், மூன்று வருடத்துப் பேச்சு. திடீரென்று கதவு திறந்து வாணி வந்து நின்றாள். வியர்த்திருக்கிறாள், முகம் பூத்திருக்கிறது.

"எழுதிட்டனுங்க. அஞ்சாங் கேள்வி மட்டும்தான் தகராறு." எங்களையும் பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்தாள். "கரண்டு சொன்னதுக்கு முன்னாடியே வந்துருச்சு, அரை மணி நேரமாச்சு. உள்ள ஃபேன் சுத்துது. ரெண்டு பேரும் இன்னும் எதுக்கு அதைப் புடிச்சுட்டு உக்காந்திருக்கீங்க?"

ஏப்ரல் 20, ஞாயிறு

முடிவு வந்துவிட்டது. எழுபத்தெட்டு. மச்சானுக்கு நான்தான் முதலில் போன் செய்தேன். வாணிக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த பருவத்துக்கு அவளே பணம் கட்டிவிட்டு வந்து சொன்னாள். மச்சான் குடும்பத்தோடு வந்து சாப்பிட்டுப் போனார். இந்தத் தடவை கறி எடுத்தோம். சாயங்காலம் பழைய டைரியை எடுத்து, மே 15 பக்கத்தில் கறி வேகவில்லை என்று இருந்த இரண்டு வார்த்தைகளையும் அடித்தேன். பக்கத்திலேயே இன்றைய பேனாவால் எழுதினேன்.

கறி நன்றாகத்தான் வெந்திருந்தது.